செய்தவர் பெயர்

ஏரல்
17 பிப்ரவரி 2024

பெட்டி அனுப்பியவருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் முஸ்லிமா, ஆணா, பெண்ணா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் ஸலாம் சொன்னதில் குற்றம் ஒன்றுமில்லை.

என் பெயர் ஆபிதா பீவி. ஏரல் கடைத்தெருவுக்குப் பின்னால் பெண்களுக்கு மட்டுமான ஒத்தட நிலையம் நடத்துகிறேன். இன்று காலை தபால்காரர் இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனார். தாய்லாந்து முத்திரை. அனுப்பியவர் இடத்தில் ‘என்.பி.’ என்ற இரண்டு எழுத்தும் ஹாட்யாய் முகவரியும். பிரித்தால், துணியில் கட்டிய மூலிகை உருண்டைகள் நாற்பது, பிளாய் எண்ணெய் ஆறு புட்டி, வெண்களிமண் பொட்டலங்கள், புளியும் உப்பும் சேர்த்த தேய்ப்புப் பசை. என் நிலையத்தில் நாங்கள் பயன்படுத்துகிற சரக்கு மட்டும்தான் இருந்தது. ஒரு சாமான்கூட அதிகப்படி இல்லை.

என் கணவர் அசன் மைதீன் உங்கள் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் விடுப்பில் வந்தபோது, என் தோள்வலிக்கென்று இதே உருண்டைகளில் ஆறைக் கொண்டுவந்தார். நான் அப்போது புருவம் திருத்தியும் மருதாணி வைத்தும் பிழைத்துக்கொண்டிருந்தேன். உருண்டையை ஆவியில் வைத்துச் சூடேற்றித் தோளில் அழுத்தினேன். நாலு நாளில் கை தூக்க முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போட்டேன். அவள் தன் நாத்தனாரைக் கூட்டி வந்தாள். இப்படித்தான் வளர்ந்தது. இப்போது மூன்று அறை, வேலைக்கு இரண்டு பெண்கள். திசையன்விளையிலிருந்துகூட ஆள் வருகிறது. ‘தாய்லாந்து ஒத்தடம்’ என்று சொன்னால் ஆட்டோக்காரர் நேராக என் வாசலில் கொண்டுவந்து விடுவார்.

வருடத்துக்கு மூன்று பெட்டி அவர் அனுப்புவார். சந்தையில் ஒரு கம்பெனியில் வாங்குவதாகச் சொல்வார். போன வருடம் மார்ச்சில் அவர் அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமானார். பெட்டியும் நின்றது. இருந்ததை வைத்துச் சிக்கனமாக ஓட்டினேன். டிசம்பர் வெள்ளத்தில் அதுவும் போனது. கடைக்குள் கழுத்தளவு தண்ணீர். நாலாம் நாள் கதவைத் தள்ளித் திறந்தால், உருண்டையெல்லாம் ஊறி வெடித்துத் தரை முழுக்க மஞ்சள் சேறு. கழுவி, சுவர் காயவைத்து, போன வாரம்தான் திரும்பத் திறந்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். எந்தக் கம்பெனி, இறந்துபோன வாடிக்கையாளரின் ஊரில் வெள்ளம் வந்ததைத் தெரிந்துகொண்டு அவர் மனைவிக்குச் சரக்கு அனுப்பும்? பெட்டியின் மேல் முகவரி தமிழில் இருக்கிறது. ஒன்பது வருடமும் இதே கையெழுத்துதான். கடைக் கணக்குப்பிள்ளை எழுதுவதாக அவர் சொல்வார். எந்தக் கணக்குப்பிள்ளை இத்தனை பொறுமையாக எழுதுவான்?

யார் நீங்கள்? போன் செய்ய வேண்டாம். எழுதுங்கள். போன் என்றால் வைத்துவிட்டு நழுவலாம். பெட்டிகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் தொடுவேன்.

ஆபிதா பீவி


ஹாட்யாய்
14 மார்ச் 2024

மதிப்பிற்குரிய ஆபிதா அக்கா அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தங்கள் கடிதம் கிடைத்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எப்படியும் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்று வெளியே போகும் உடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் நஸீமா பேகம். பினாங்கில் பிறந்தவள். ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கம்பெனி எதுவும் இல்லை, அக்கா. அந்த உருண்டைகளைக் கட்டுபவள் நான்தான். வீட்டின் பின்பக்கம் ஒரு கொட்டகை இருக்கிறது. பிளாய் என்பது இங்கே விளையும் மஞ்சள் நிற இஞ்சி. அதைச் சீவி உலர்த்தி, மஞ்சள், எலுமிச்சைப்புல், மக்ரூட் என்ற எலுமிச்சையின் தோல், புளிய இலை, சீயக்காய் இலை, கற்பூரம், உப்பு எல்லாம் சேர்த்துத் துணியில் கட்டி இந்த ஊர் ஸ்பாக்களுக்குக் கொடுக்கிறேன்.

இதற்கு மேல் எழுதுவது கடினம். எனக்கும் அசன் மைதீன் அவர்களுக்கும் 2015 ஜனவரியில் இங்குள்ள பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. உங்களையும் மகள் அஃப்ராவையும் பற்றி அவர் முதலிலேயே என்னிடம் சொன்னார். என்னைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை. “வார பெருநாளைக்குச் சொல்லுதேன்” என்பார். பெருநாள் வரும், ஊருக்குப் போவார், சொல்லாமல் திரும்புவார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அது என் குற்றம்.

அந்த ஆறு உருண்டைகளை உங்கள் தோளுக்காகக் கட்டியதும் நான்தான். இன்னும் வேண்டும் என்று நீங்கள் கேட்டதாக அவர் வந்து சொன்ன நாளில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அவர் கடையில் அஸர் தொழுகைக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நீங்கள் அங்கே இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் நான் இங்கே வாசல் தாண்டாமல் இத்தா இருந்தேன். எனக்குக் குழந்தைகள் இல்லை.

ஏரல் பாலம் உடைந்து கிடந்த படத்தை டிசம்பரில் போனில் பார்த்தேன். உங்கள் சரக்கெல்லாம் போயிருக்கும் என்று தோன்றியது. கட்டி அனுப்பினேன். வேறு எண்ணம் ஒன்றுமில்லை.

என் போன் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
நஸீமா பேகம்


ஏரல்
6 ஏப்ரல் 2024

நஸீமாவுக்கு,

உன் போன் எண் இருந்த பகுதியைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குள் என்ன நடக்கும் என்று தெரியாது. அதனால் வேண்டாம்.

‘நீ’ என்று எழுதுகிறேன். உனக்கு மரியாதை கொடுக்க இன்று மனம் வரவில்லை. நாளைக்கு வருமா என்றும் தெரியவில்லை.

உன் கடிதத்தை நோன்பு திறந்த கையோடு படித்தேன். அழவில்லை. எழுந்து போய் அந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கினேன். ஆற்றில் போட்டுவிடத்தான் தூக்கினேன். என்னிடம் வேலை பார்க்கும் கலைச்செல்வி வாசலை மறித்து நின்றாள். சேரன்மகாதேவிப் பெண். என்னிடம் வருவதற்கு முன் கோயம்புத்தூரில் ஸ்பா வேலை பார்த்தவள், பயப்படாதவள்.

“எங்க கொண்டு போறீங்க?”

“ஆத்துக்கு.”

“ஆறு நம்ம கடையை எடுத்துட்டுப் போனது பத்தாதாக்கா? நீங்க வேற கொண்டு குடுக்கணுமா? அங்கன வைங்க. கோவம் ஆறட்டும். பொறவு போடணும்னா நானே போடுதேன்.”

வைத்துவிட்டேன். ஆனால் தொடமாட்டேன்.

நான் உன்மேல் வழக்காட வரவில்லை. மார்க்கம் அவருக்கு அனுமதித்த ஒன்றை அவர் செய்தார். அதை ஏன் ஒளித்துச் செய்தார் என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உன் ஊர் மண்ணுக்குள் படுத்திருக்கிறார். நான் ஒவ்வொரு வருடமும் அவருக்காக நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நீயும் அதைச் சாப்பிட்டிருப்பாய். இதை நினைத்தால்தான் எரிகிறது.

இன்னொன்றும் எரிகிறது. இந்த ஊரில் என் கையால் நான் எழுப்பிய ஒரே காரியம் இந்த நிலையம். ஆம்பளை சம்பாத்தியத்தை எதிர்பார்க்காமல் நின்றேன் என்று நிமிர்ந்து நடந்தேன். கடைசியில் அதுவும் உன் கையால் கட்டியதாகிவிட்டது.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். இனி எதுவும் அனுப்பாதே. நீ எழுதிய பொருளில் எது இங்கே கிடைக்காது? மஞ்சள் இருக்கிறது. கஸ்தூரி மஞ்சளே இருக்கிறது. புளிய இலைக்கும் சீயக்காய்க்கும் தாய்லாந்துக்குப் போக வேண்டாம். மக்ரூட்டுக்குப் பதில் நார்த்தங்காய்த் தோல். உப்பு தூத்துக்குடியில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. துணி வீரவநல்லூர்த் தறியில். பிளாய் ஒன்றுதான் இல்லை. அது இல்லாமலும் வலி போகும். போக வைப்பேன்.

ஆபிதா பீவி


ஹாட்யாய்
2 மே 2024

ஆபிதா அக்கா அவர்களுக்கு,

ஸலாம். இனி அனுப்பமாட்டேன். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட நியாயமில்லாதது இல்லை. ஊறுகாயை நானும் சாப்பிட்டேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

நீங்களே உருண்டை கட்டப் போகிறீர்கள் என்பதால் சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். பொருள் வேண்டாமென்றாலும் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வரும் பெண்களுக்காக.

எதையும் பச்சையாகக் கட்டாதீர்கள். பச்சையாகக் கட்டினால் முதல் இரண்டு நாள் மணம் அருமையாக இருக்கும், ஒரு வாரத்தில் பூஞ்சை வரும். எலுமிச்சைப்புல் கையில் ஒடியும்வரை காய வேண்டும். கற்பூரத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில், குறைவாகச் சேர்க்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கற்பூர உருண்டை வேண்டவே வேண்டாம். காய்ச்சல் உள்ளவர்களுக்கும் புண் இருக்கும் இடத்திலும் கூடாது. ஆவியிலிருந்து எடுத்ததும் உங்கள் முழங்கைக்கு உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவர்களுக்கும் சுடும். வெண்களிமண்ணுக்குப் பதில் அங்கே எந்த மண்ணை எடுத்தாலும், வறுத்துச் சலித்த பிறகே முகத்தில் பூச வேண்டும்.

அளவுகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. இங்கே ஒரு பெரிய ஸ்பாக்காரர் இரண்டு முறை கேட்டார், மறுத்துவிட்டேன்.

பிளாய்க்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.

நஸீமா


ஏரல்
21 செப்டம்பர் 2024

நஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள்.

உன் மே மாதக் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் செருகிவிட்டேன். அதே மாதம் நானும் கலைச்செல்வியும் அறுபது உருண்டை கட்டினோம். பச்சையாகத்தான் கட்டினோம். மணம் தெருவரைக்கும் தூக்கியது. கடைத்தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாம் நாள் டப்பாவைத் திறந்தால் எல்லாம் சாம்பல் பூத்தது மாதிரிப் பூஞ்சை. அறுபதையும் குழி தோண்டிப் புதைத்தோம். “கடுதாசில என்னமும் எழுதியிருப்பாங்கக்கா, ஒரு தரம் பாத்துருங்களேன்” என்றாள் கலைச்செல்வி. பிரித்தேன். செய்முறையின் இரண்டாவது வரியிலேயே பூஞ்சையைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை வெள்ளத்தில் போனதற்கு அப்புறம் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அளவுத் தாளின்படி மறுபடி செய்தோம். ஒன்றும் கெடவில்லை. நார்த்தங்காய்த் தோல் உன் மக்ரூட்டைவிட நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வேன், நீ ஒப்புக்கொள்ளமாட்டாய். முகத்துக்கும் காலுக்கும் அலுப்புக்கும் வருகிறவர்கள் எல்லாருக்கும் திருப்தி. தேய்ப்புப் பசையில் கருப்பட்டி சேர்த்துப் பார்த்தேன். அதற்கென்றே வருகிறார்கள் இப்போது.

பிறகு முத்துமாலை டீச்சர் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுத முடியாதபடி தோள் இறுகிப்போனவள். டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார், ஒத்தடம் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆறு நாள் என் உருண்டையைப் போட்டேன். ஆறாம் நாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“பீவி, தப்பா நெனைக்காத. மணமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வலி மட்டும் போவ மாட்டேங்குது. முன்னால ஒன்னு வச்சிருந்தியே, கருமஞ்சளா, அது எங்க?”

வாய் வரைக்கும் பொய் வந்தது. ‘அது இப்போ வாரதில்ல டீச்சர்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் உன் பெட்டியைப் பிரித்தேன். பத்து நாள் போட்டேன், பயிற்சியும் செய்தாள். பதினோராம் நாள் டீச்சர் தன் தலைமுடியைத் தானே கொண்டை போட்டாள். போட்டுவிட்டு அழுதாள்.

அன்று இரண்டு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஒன்று, இங்கே விளைவதை நான் நன்றாகவே செய்கிறேன், அதற்கு யார் தயவும் எனக்கு வேண்டாம். இரண்டு, பிளாய் உன்னிடம்தான் இருக்கிறது. என் ரோஷத்துக்காக இன்னொருத்தி தோள்வலியோடு போகக் கூடாது.

ஆகவே வியாபாரமாகக் கேட்கிறேன். சும்மா வேண்டாம், விலைக்கு வேண்டும். உலர்ந்த பிளாய்ச் சீவல், எண்ணெய், இரண்டும். திருட்டுத்தனமாக மூட்டைக்குள் வைத்து அனுப்பாமல், உரிய காகிதங்களோடு. தூத்துக்குடியில் ஒரு இறக்குமதி ஏஜென்டைப் பார்த்துப் பேசிவிட்டேன். உருண்டைகளைப் பொதியாக்கிக் கடைகளுக்கும் கொடுக்கப் போகிறேன். எது இங்கே விளைந்தது, எது அங்கிருந்து வந்தது என்று அட்டையில் பிரித்தே எழுதுவேன். ‘எல்லாம் தாய்லாந்து இறக்குமதி’ என்று இருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டேன்.

வியாபாரப் பேச்சு முடிந்தது. இது வேறு. அவருக்கு வலது முழங்கால் மடக்க முடியாமல் இருந்ததே, கடைசி இரண்டு விடுப்பிலும் உட்கார்ந்துதான் தொழுதார். நீ அதற்கு ஒத்தடம் போட்டாயா? வலி இல்லாமல் இருந்தாரா? இதை மட்டும் எழுது.

ஆபிதா பீவி


ஹாட்யாய்
30 அக்டோபர் 2024

அன்புள்ள ஆபிதா அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தைப் பின்பக்கக் கொட்டகையில் நின்றுகொண்டே படித்தேன். டீச்சர் கொண்டை போட்ட இடத்தில் நானும் அழுதேன்.

முதலில் முழங்கால். தினமும் விடியலில் சுபுஹு தொழுகைக்கு முன் போடுவேன், அக்கா. கடைசி ஆறு மாதம் வலி குறைவாகவே இருந்தது. சஜ்தா செய்ய முடிந்தது. அவர் மௌத்தான அன்றைக்கும் தரையில் நெற்றி வைத்துத்தான் தொழுதார். ஒத்தடம் போடும்போதெல்லாம் உங்களைப் பற்றித்தான் பேசுவார். “ஆபிதா இதைப் பாத்தான்னா, எங்க வாங்குனது, யாரு செஞ்சது, எவ்வளவு நாள் தாங்கும்னு பத்துக் கேள்வி கேப்பா” என்று சிரிப்பார். அந்தப் பத்துக் கேள்விக்குப் பயந்துதான் உங்களிடம் சொல்லாமல் இருந்தார் என்று எனக்குத் தோன்றும். அவர் கெட்டவர் இல்லை. தைரியம் இல்லாதவர்.

பிளாய் இருபது கிலோ உலர்த்திவிட்டேன். எண்ணெய் அடுத்த வாரம் இறக்குவேன். உங்கள் ஏஜென்ட் என்னோடு மின்னஞ்சலில் பேசினார். சரக்கைச் செய்தவரின் பெயரும் முகவரியும் உங்கள் அட்டையில் வர வேண்டும் என்கிறார்.

அதில்தான் ஒரு யோசனை. என் பெயர் வேண்டாம், அக்கா. ஏரல் சின்ன ஊர். யார் இந்த நஸீமா என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அஃப்ரா படிக்கிற பெண். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும். பக்கத்துக் கடைச் சீனப் பெண்மணி என் தோழி. அவர் பெயரில் அனுப்பிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. இவ்வளவு காலம் பெயரில்லாமல்தானே இருந்தேன், எனக்கு அது பழக்கம்தான்.

இங்கே இப்போது இயந்திரத்தில் கட்டிய உருண்டைகள் மலிவாக வந்துவிட்டன. உள்ளே தவிடும் வாசனைத் திரவமும்தான். ஸ்பாக்கள் அவற்றையே வாங்குகின்றன. என்னிடம் வேலை செய்த இரண்டு பெண்களைப் போன மாதம் அனுப்பிவிட்டேன். உங்கள் ஆர்டர் வந்ததும் ஒருத்தியைத் திரும்ப அழைத்தேன். இதை நன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நஸீமா


ஏரல்
9 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி நஸீமாவுக்கு,

உன்மீது ஸலாமும் ரஹ்மத்தும் உண்டாகட்டும். உன் அக்டோபர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நீ கவலைப்பட்டிருப்பாய். கோபம் ஒன்றுமில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

சரக்கு ஒரு சேதமும் இல்லாமல் டிசம்பர் கடைசியில் வந்துவிட்டது. பெயர் விஷயத்தில் நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. ஏஜென்டுக்கு உன் பெயரையே கொடுத்தேன். ‘கம்பெனி’ என்ற பொய்யை நம்பி ஒன்பது வருடம் நான் சரக்கு வாங்கியாயிற்று. இனிமேல் அப்படி வாங்கமாட்டேன்.

ஊருக்குத் தெரிவதற்கு முன் அஃப்ராவுக்குத் தெரிய வேண்டும். திருநெல்வேலியில் பிசியோதெரபி மூன்றாம் வருடம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளை உட்காரவைத்து, உன் கடிதங்களை முன்னால் வைத்தேன். முதல் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“உம்மா, நீ இவங்களுக்குக் கடுதாசி எழுதுறியா? ஒரு வருசமாவா?”

“ஆமா.”

“வாப்பாவைப் பத்தி ஊரு பூராப் பேசுவாங்க. ஒனக்கு அது பரவால்லையா?”

“பேசத்தான் செய்வாங்க. கொஞ்ச நாளுல அவங்களுக்கே அலுத்துரும்.”

“எனக்கு அலுக்காது” என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் பேசவில்லை. பதிமூன்றாம் நாள், அட்டைக்கான வடிவத்தை அவளே கணினியில் வரைந்து அனுப்பினாள். அழகாக இருந்தது. ஆனால் செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. நான் அதில் உன் பெயரை எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுபடி கோடு வந்தது. மறுபடி எழுதி அனுப்பினேன். மூன்றாவது தடவை பெயரோடு வந்தது.

அட்டையில் இப்படி இருக்கிறது: ‘மஞ்சள், எலுமிச்சைப்புல், நார்த்தங்காய்த் தோல், புளிய இலை, சீயக்காய் இலை, உப்பு: தாமிரபரணிக் கரையும் தூத்துக்குடியும். பிளாய்: தாய்லாந்து. பிளாய் பதம் செய்தவர்: நஸீமா பேகம், க/பெ. மர்ஹூம் அசன் மைதீன், ஹாட்யாய். கட்டியவர்: ஆபிதா பீவி, க/பெ. மர்ஹூம் அசன் மைதீன், ஏரல்.’ மறைந்த கணவர் பெயரைப் போட வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லவில்லை. நான்தான் போட்டேன்.

போன திங்கட்கிழமை, முதல் பொதிகளைக் கடையில் அடுக்கினோம். அண்ணனைக் ‘காக்கா, காக்கா’ என்று சுற்றி வந்த அவருடைய தம்பி ரசீத் வந்தார். தன் மனைவிக்கு இரண்டு பொதி வேண்டும் என்று வந்தவர், அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கடையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மயினி, இந்தப் பேரை எடுத்துருங்க.”

“எந்தப் பேரை?”

“தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. இவ்வளவு நாளா மூடி வச்ச விசயம். காக்கா மௌத்தான பொறவு எதுக்கு இதெல்லாம்?”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ‘யார் இந்த நஸீமா’ என்று அவர் கேட்கவே இல்லையே.

“அப்ப ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்.”

தலைகுனிந்தார். “நிக்காஹ்வுக்கு நானும் போயிருந்தேன் மயினி. சொல்லக் கூடாதுன்னு காக்கா ஆணையிட்டுட்டாஹ.”

நஸீமா, அஃப்ரா வாப்பா செய்ததைவிட இது எனக்கு வலித்தது. பத்து வருடமாக இந்த மனிதருக்குப் பெருநாள்தோறும் என் கையால் பிரியாணி ஆக்கிப் போட்டிருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். மேசையைப் பிடித்துக்கொண்டேன். கலைச்செல்வி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். குடித்துவிட்டு, தனியாகப் பேசிய பேச்சை முன்கடைக்கே கொண்டுவந்தேன்.

“ரசீத், மூடி வச்சதுல யாருக்கு என்ன நல்லது நடந்துது? எனக்கு நடக்கல. அவளுக்கும் நடக்கல. அவ உருண்டையை எவனோ கம்பெனிக்காரன் செஞ்சதுன்னு இந்த ஊரு சொல்லிச்சு, நானும் சொன்னேன். இனி அவ செஞ்சதை அவ செஞ்சதுன்னுதான் சொல்லுவேன். பொதி வேணும்னா எடுத்துக்கிடுங்க. பேரைக் கிழிச்சுட்டுத் தரமாட்டேன்.”

கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முத்துமாலை டீச்சரும் இருந்தாள். “யாரு பீவி இந்த நஸீமா?” என்று அவள்தான் கேட்டாள்.

“அஃப்ரா வாப்பாவுக்கு ஹாட்யாய்ல இன்னொரு பொஞ்சாதி. உங்க தோளை சரியாக்குன மருந்து அவ கைப்பதம்.”

டீச்சர் அட்டையை ஒருமுறை வாசித்தாள். பிறகு, “ரெண்டு பொதி குடு” என்றாள். அவ்வளவுதான். ரசீத் அன்று ஒன்றும் வாங்காமல் போனார். மறுநாள் அவர் மனைவி வந்து மூன்று பொதி வாங்கிப் போனாள். ஊர் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. பேசட்டும். வெள்ளத்துக்கு முன்னால் வந்த கூட்டத்தைவிட இப்போது அதிகக் கூட்டம் வருகிறது. பாதிப் பேர் விசாரிக்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வந்தவர்களைப் படுக்கவைத்து ஒத்தடம் போட்டுத்தான் அனுப்புகிறோம்.

அடுத்த தவணைக்கு நாற்பது கிலோ பிளாய் வேண்டும். நீ அனுப்பிவிட்ட இன்னொரு பெண்ணையும் திரும்பக் கூப்பிட்டுக்கொள். இயந்திர உருண்டைக்காரர்களோடு நீ விலையில் மல்லுக்கட்ட வேண்டாம். தவிட்டைக் கட்டி விற்கிறவன் எத்தனை நாள் தாங்குவான்? உன் சரக்கை என்னால் விற்க முடியும். நாகர்கோவிலிலும் மதுரையிலும் கேட்டிருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். பாஸ்போர்ட் வந்துவிட்டது. இந்த வயதில் எடுத்த போட்டோவில் என்னைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது. நோன்புப் பெருநாள் கழிந்து ஏப்ரல் 14 அன்று திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து உன் ஊர். டிக்கெட் எடுத்தாயிற்று. நீ வேண்டாம் என்று சொன்னாலும் வருவேன். ஹோட்டல் எதுவும் பார்க்காதே, உன் வீட்டிலேயே தங்குகிறேன். பிளாய் நிலத்தில் எப்படி நிற்கிறது, எப்போது தோண்டுகிறாய், எண்ணெய் எப்படி இறக்குகிறாய் என்று எல்லாம் பார்க்க வேண்டும். கேள்வி பத்தோடு நிற்காது, சொல்லிவிட்டேன். இனி என்னை ‘அக்கா’ என்று எழுதாதே, எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம்.

அஃப்ரா உனக்கு ஸலாம் சொல்லவில்லை. சொல் என்று நான் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் பிளாய்ச் செடியைப் படம் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறாள்.

வந்து இறங்கியதும் முதலில் கபருக்குக் கூட்டிப் போ. அவர் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. மண்ணையாவது பார்க்க வேண்டும். அங்கே நான் அழுதால் நீ ஒன்றும் சொல்லாதே, சும்மா பக்கத்தில் நில். நீ அழுதால் நானும் அப்படியே நிற்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதால், அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம்.

உன் லாத்தா,
ஆபிதா பீவி